அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்க – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மும்பை தாராவி 90 அடி ரோட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எழுத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன், இதுவரை கடிதம் எழுதியதில்லை. இதுவும் உங்கள் கட்டுரை பற்றியது இல்லை, வீட்டு விஷயம்.

என் அத்தை மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் லோக்கல் ரயிலில் இருந்து விழுந்து இறந்துபோனான். 24 வயது. அன்று காலையில் அவனுக்கும் அத்தைக்கும் ஏதோ சின்னச் சண்டை. சாப்பிடாமல், சாப்பாட்டு டப்பாவையும் எடுக்காமல் போய்விட்டான். அதற்கு அப்புறம் அத்தை ஒழுங்காகச் சாப்பிட்டதும் இல்லை, தூங்கியதும் இல்லை.

ஒரு தமிழ்ச் சேனலில் ஞாயிறு இரவு ஆவிகளோடு பேசும் அம்மா ஒருவர் வருகிறார். அத்தை அந்த நம்பருக்குப் பலமுறை போன் செய்து, ஒருநாள் எடுத்தார்கள். பேர், ஊர், யார் இறந்தது, எப்படி என்று எல்லாம் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து நிகழ்ச்சியில் லைன் கொடுத்தார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நான் சாப்பிடாமப் போனேன்னு நீ சாப்பிடாமக் கிடக்கியேம்மா, எனக்கு உம்மேல கோவமே இல்ல" என்றார். அத்தை டிவி முன்னால் விழுந்து அழுதார்கள். அன்று ராத்திரி தூங்கினார்கள். மறுநாள் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

என் தம்பி பிராடு, பிராடு என்று வீட்டில் கத்துகிறான். நான் அத்தை பக்கம் நின்றேன். டாக்டர் மாத்திரையால் வராத தூக்கம் இதனால் வந்ததே என்று. ஆனால் போன வியாழக்கிழமை அந்த அம்மாவின் ஆபீஸிலிருந்து போன். பையன் இன்னும் தண்டவாளத்துப் பக்கமே அலைகிறான், சாந்தி செய்ய வேண்டும், 21,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அத்தை கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஆறுதல் கொடுப்பது தப்பா அண்ணாச்சி? உண்மையைச் சொல்லி அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? என் பெயரைப் போட வேண்டாம்.

தாராவி வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அவசரமான காரியம். கம்மல் அடகுக் கடைக்குப் போகக் கூடாது. அத்தையிடம் வாதம் பண்ண வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஒரு அண்ணாச்சி வருகிறார், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோம்" என்று மட்டும் சொல்லுங்கள். நான் வருகிறேன்.

இனி உங்கள் கேள்வி. ஆவி உண்டா இல்லையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் அந்தச் சேனல் செய்ததும் அந்த அம்மா செய்ததும் தவறு என்பதுதான் என் எண்ணம். அது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்தேன். அந்தேரியில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். இந்தி நிகழ்ச்சி. இறந்தவர்களோடு பேசுகிறவர் ஒருவர், எதிரே பிள்ளையை இழந்த ஒரு தமிழ் அம்மா. அவருக்கு இந்தி அவ்வளவாக வராது, அதனால் நடுவில் நான். வீட்டு வேலை செய்கிறவர், தென்காசிப் பக்கம். ஒன்பது வயது மகளை ஊரில் ஆச்சியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து உழைத்தவர். குழந்தை ஊரிலேயே காய்ச்சலில் போய்விட்டது.

அந்த மனிதர் கண்ணை மூடி, குரலை மெலிதாக்கி, இந்தியில் பேசினார். மம்மி, அழாதே, நான் சுகமாக இருக்கிறேன் என்று. நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அவளுக்கு இந்தி வராதே தம்பி. அவ என்னை அம்மான்னுகூடக் கூப்பிட மாட்டா. ஆச்சி கூப்பிடுறதப் பாத்து எம்பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா. அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்க."

கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எனக்குக் கையைக் காட்டினார். வேண்டாம், அதைச் சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. "குழந்தை சாப்பிட்டதா என்று கேட்கிறார்" என்று இந்தியில் சொன்னேன். அந்த மனிதர் ஆமாம் என்றார். அன்றைக்கு எனக்குச் சம்பளம் 1,500 ரூபாய். நிகழ்ச்சி வந்தபோது அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டது அதில் இல்லை. அழுதது இருந்தது. அவர் எதற்கு அழுதார் என்று எனக்குத் தெரியும். பிள்ளை தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே என்று அழுதார். பார்த்தவர்கள் பிள்ளை வந்துவிட்டது என்று அழுததாக நினைத்திருப்பார்கள்.

அந்த அம்மா கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது பிற்பாடு ஹௌடினியைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்க மாயவித்தைக்காரர். ஆவியோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றியவர்களைக் கடைசிவரை அம்பலப்படுத்தியவர். தான் செத்த பிறகு எவனாவது தன் பேரில் பேசினால் கண்டுபிடிப்பதற்காக மனைவி பெஸ்ஸோடு ஒரு ரகசியச் சொல்லைப் பேசிவைத்திருந்தார். 1926 அக்டோபர் 31ல் இறந்தார். பெஸ் வருடா வருடம் அந்த நாளில் அந்தச் சொல் வருகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, 1936ல் போதும் என்று விளக்கை அணைத்தார். தென்காசிக்காரம்மாவுக்கு ஹௌடினியைத் தெரியாது. ஆனால் அதே சோதனையை அந்த இடத்திலேயே வைத்துவிட்டார். இறந்தவரை உள்ளபடி அறிந்தவருக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். அதை மறித்தவன் நான்.

உங்கள் அத்தை விஷயத்தில் அந்தச் சோதனை முன்கூட்டியே அடைக்கப்பட்டுவிட்டது, கவனித்தீர்களா? நிகழ்ச்சிக்குப் பத்து நாளுக்கு முன் அத்தை பேசிய போன். யார் இறந்தது, எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அத்தை அன்று போனில் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடாமல் போனதைச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? இரண்டு வருடமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இது பழைய வழி. 1986ல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற பிரசங்கி கூட்டத்தில் இருப்பவர்களின் பேர், தெரு, நோய் எல்லாவற்றையும் கடவுள் தனக்குச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களை அம்பலப்படுத்திய மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஆட்களோடு போய் ரேடியோ அலையைத் தேடிப் பார்த்தார். 39.17 மெகாஹெர்ட்ஸில் போபாஃப்பின் மனைவி பேசிக்கொண்டிருந்தார். வாசலில் வாங்கிய ஜெபச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, கணவரின் காதுக்குள் இருந்த சின்னக் கருவிக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார். உங்கள் சேனலுக்கு அந்தக் கருவிகூடத் தேவைப்படவில்லை, ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

முன்தகவல் இல்லாமலும் சொல்வார்கள். மும்பையில் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் "ஊரில் குலதெய்வத்துக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். யாருக்குத்தான் பாக்கி இல்லை? "அவர் கடைசியாக ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை" என்றாலும் அப்படித்தான். 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் 39 மாணவர்களிடம் ஒரு குணச்சித்திரத்தைக் கொடுத்து, உனக்கென்றே எழுதியது, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், பெட்டிக்கடை ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்த வரிகள். சும்மா இருக்கும் மாணவர்களே அப்படி என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஒவ்வொரு சொல்லையும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? அதில் அறியாமை ஒன்றும் இல்லை. உங்கள் தம்பி அத்தையை ஏமாளி என்று பேசுகிறான் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, ஆறுதல் கிடைத்ததே, அதில் என்ன தப்பு என்கிறீர்கள்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 2003 ஏப்ரலில் ஒரு இளம்பெண் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் காணாமல் போனாள். அடுத்த வருடம் அவளுடைய அம்மா மாண்டெல் வில்லியம்ஸ் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். அங்கே வழக்கமாக வருகிற சில்வியா பிரவுன் என்ற மீடியம், அதாவது ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிறவர், கேமரா முன்னால், உங்கள் மகள் உயிரோடு இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா 2006ல் இறந்துபோனார். 2013 மே 6ஆம் தேதி அந்தப் பெண், தன்னை அடைத்து வைத்திருந்த வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு, அங்கேயே பிறந்த ஆறு வயது மகளோடு வெளியே வந்தாள். அதே ஊர்தான். தாய் இருந்த இடத்திலிருந்து சில மைல் தூரம்.

அந்த மீடியம் வேறு ஒருநாள் வேறு ஒரு தாய்க்கு நல்ல வார்த்தையும் சொல்லியிருப்பார், அந்தத் தாய் அன்றிரவு நன்றாகத் தூங்கியும் இருப்பார். இரண்டும் ஒரே வாயில் இருந்து, ஒரே மாதிரி ஊகமாக வந்தவைதான். கேட்கிறவருக்குப் பிரித்துப் பார்க்க வழி இல்லை. உங்கள் அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது "கோவமே இல்ல". வியாழக்கிழமை வந்தது "தண்டவாளத்தில் அலைகிறான்". முதலாவதை நம்பியதால்தான் இரண்டாவதையும் நம்புகிறார்கள். அத்தையின் தூக்கத்தை நீங்கள் கெடுக்கப்போவதாகப் பயப்படுகிறீர்கள். அது போன வியாழனே கெட்டுவிட்டது தங்கை, கெடுத்தது கொடுத்தவர்களேதான். இப்போது அத்தை தூங்குகிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

நம் ஊரில் சாமியாடுகிற கோமரத்தாடியிடம் குறி கேட்பதில்லையா, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். நானே என்னைக் கேட்டுக்கொண்டது அது. எங்கள் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடையில் என் பெரியம்மா கிணற்றில் விழுந்து செத்த மகளைப் பற்றிக் கேட்டதை நான் பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையில் பந்தம் எரிய ஆடிக்கொண்டிருந்த மனிதர் நின்றார். "அவளைப் பத்தி எங்கிட்டக் கேக்காத. மத்த பிள்ளைகளப் பாரு" என்றார். அவ்வளவுதான், திருநீறு பூசிவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் காலையில் வேட்டியும் துண்டுமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். பனையேறுகிறவர். ஒரு கலயம் பதநீர் கொண்டுவந்திருந்தார். பெரியம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை, பெரியப்பாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

எல்லாக் கோமரத்தாடிகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களை அடித்து மிதித்ததையும் அதே வட்டாரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன சொல்லோடு மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சேனல் அம்மா உங்கள் அத்தையின் முகத்தை இனிப் பார்க்கப் போகிறாரா? அத்தைக்குப் பிறகு அடுத்த லைன் எடுத்திருப்பார்கள்.

அப்புறம், இதில் எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. உங்கள் அத்தை மகனுக்கு ஒரு குரல் இருந்தது. 24 வருடம் பேசியிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான். அவன் வாயில் இல்லாத வாக்கியத்தை வைத்து அவன் சொன்னதாகச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர் பேரில் அப்படிச் சொன்னால் மறுப்பு வரும். அவனால் மறுக்க முடியாது. நாளைக்கு அத்தை அவனை நினைக்கும்போது எந்தக் குரல் வரும்? தென்காசிக்காரம்மாவின் மகள் பேர் சொல்லிக் கூப்பிட்டவள். அவளை ஒரு நாள் மதியத்தில் "மம்மி" என்று கூப்பிடுகிற பிள்ளையாக மாற்றினோம். நானும் சேர்ந்துதான்.

சேனல்காரர்கள், நாங்கள் காட்டுகிறோம், நம்புவதும் நம்பாததும் பார்ப்பவர் இஷ்டம் என்பார்கள். தொலைக்காட்சி நினைத்தால் சோதிக்க முடியும். 1973 ஆகஸ்ட் 1ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் நடத்திய நிகழ்ச்சிக்கு யூரி கெல்லர் வந்தார், மனசக்தியால் கரண்டியை வளைப்பதாகச் சொன்னவர். கார்சன் இளம் வயதில் மாயவித்தை செய்தவர். பொருள்களைத் தானே ஏற்பாடு செய்து, கெல்லரின் ஆட்கள் யாரும் முன்கூட்டித் தொடாமல் பார்த்துக்கொண்டார். இருபது நிமிடத்துக்கு மேல் கெல்லர் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் வளையவில்லை. நம் நாட்டில் 2008 மார்ச்சில் ஒரு இந்திச் சேனலில் மந்திரத்தால் ஆளைக் கொல்வேன் என்ற தாந்திரிகர் முன்னால் பகுத்தறிவாளர் சனல் இடமருகு நேரலையில் மணிக்கணக்காக உட்கார்ந்தார். எழுந்து வீட்டுக்குப் போனார். ஞாயிறு இரவு நிகழ்ச்சியில் இப்படி ஒன்று நடக்காததற்குக் காரணம் இருக்கிறது. பல சேனல்களில் அந்த அரை மணி நேரத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறவரே அந்த மீடியமோ ஜோசியரோதான். கடையின் முதலாளி தன் சரக்கைத் தானே சோதிப்பாரா? அது விளம்பரம் என்று திரையில் ஒரு வரி போட்டால்கூட அத்தை கொஞ்சம் யோசித்திருப்பார்கள். பிரிட்டனில் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமின் விதி அதைத்தான் சொல்கிறது. பொழுதுபோக்கு என்றால் பொழுதுபோக்கு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், நிஜம் என்று காட்டினால் பாரபட்சம் இல்லாமல் காட்ட வேண்டும்.

இங்கேயும் விதி இல்லாமல் இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994ல், ஆறாவது விதி, மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்று நேராகவே சொல்கிறது. 2021ல் செய்த திருத்தத்தின்படி பார்வையாளர் புகார் எழுதினால் சேனல் 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிராவில் இதற்கு மேல் ஒரு சட்டமும் இருக்கிறது. மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தாபோல்கர் பல வருடம் போராடிக் கேட்ட சட்டம். 2013 ஆகஸ்ட் 20ல் புனேயில் காலை நடைக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாளில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. அற்புதம் என்று சொல்லி மக்களை ஏமாற்றிப் பணம் சம்பாதிப்பது அந்தச் சட்டத்தின் குற்றப் பட்டியலில் வருகிறது. ஆறு மாதத்தில் இருந்து ஏழு வருடம் வரை சிறை. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தெய்வத்தின் பேரில் அற்புத சக்தி உள்ளதாகச் சொல்லி யந்திரம் விற்கும் டிவி விளம்பரங்கள் அந்தச் சட்டப்படி குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியது மட்டும் சட்டத்தில் எங்கே விழும் என்பது வக்கீல் பார்க்க வேண்டியது. 21,000 ரூபாய் கேட்ட போன் அப்படி இல்லை. அந்த நம்பர், நாள், நேரம், பேசியவர் சொன்னது எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். மறுபடியும் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். புகாரைத் தமிழில் எழுதுங்கள், மராத்தியில் நான் ஆக்கித் தருகிறேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது? பொய், பிராடு என்ற சொற்கள் வேண்டாம். "அவன் சாப்பிடாமப் போனத அவங்ககிட்ட முதல்ல சொன்னது நீங்கதானே அத்தை?" என்று ஒரு தடவை, தனியாக இருக்கும்போது கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கோபப்பட்டாலும் பக்கத்திலேயே இருங்கள். டாக்டரிடம் போவதை நிறுத்த விடாதீர்கள். கருவாட்டுக் குழம்பை நிறுத்தவும் விடாதீர்கள். அதை வைத்தது அத்தையின் கை, அதற்கு அந்த அம்மாவின் அனுமதி தேவை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். அவனுடைய போட்டோ, அவன் எழுதிய நோட்டு, போனில் அவன் குரல் பதிவு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் பழைய வாய்ஸ் மெசேஜ் நிச்சயம் ஒன்றாவது இருக்கும், அவனுடைய நண்பர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அத்தையை அவன் என்னவென்று கூப்பிடுவான் என்று நான் கேட்கப்போகிறேன். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு அன்று முழுக்க நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணாச்சி